நாற்பத்தொன்றாவது படம்

படக்காரர் ஒலிபெருக்கியின் குமிழைத் திருகினார். அறைக்குள் பட்பட்டென்று ஏதோ வெடித்தது. காய்ந்த எண்ணெயில் கடுகு போட்டால் கேட்குமே, அந்தச் சத்தம். பக்கத்து அறையில் படுத்திருக்கும் ஒரு பெண்ணின் மூளைக்குள் ஒரே ஒரு செல் பேசுகிற பேச்சு அது என்று சொன்னால் புதிதாகக் கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள். எனக்கு அதெல்லாம் பழகிப் புளித்துவிட்டது. இருபது வருடத்துக்கு மேல் இதே ஆஸ்பத்திரியில் மூளை அலைகளைப் பதிவு செய்கிற டெக்னீஷியனாகக் குப்பை கொட்டுகிறேன்.

"இவரைப் பாருங்க," என்று திரையில் துள்ளுகிற கோட்டைக் காட்டினார் படக்காரர். "நூறு படம் காட்டியாச்சு. தொண்ணூத்தொன்பதுக்கு ஐயா வாயே திறக்கல. ஒரே ஒரு படம் வந்தா மட்டும் பொரிஞ்சு தள்றார். ஆறு தடவை காட்டினேன், ஆறு தடவையும். நம்பர் நாற்பத்தொண்ணு. யாருங்க அது?"

அவர் ஆராய்ச்சி டாக்டர். நோயாளிகளுக்குப் படம் படமாகக் காட்டி எந்தப் படத்துக்கு எந்தச் செல் விழிக்கிறது என்று பார்ப்பதுதான் அவர் பிழைப்பு. அதனால் எங்கள் பிரிவில் அவருக்குப் படக்காரர் என்று பெயர். அந்தப் பெயரை வைத்தது நான்.

படங்களை அடுக்கி எண் போட்டு எழுதிவைத்த பட்டியல் என் கையில் இருந்தது. விரலை வைத்து இறங்கினேன். முப்பத்தொன்பது, ஒரு பாலம். நாற்பது, ஒரு நடிகர். நாற்பத்தொன்று.

விரல் அந்த வரியிலேயே நின்றது.

"யாருங்க?" என்றார் மறுபடி.

"நான்தான் சார்," என்றேன்.

நோயாளிக்குத் தெரிந்த முகங்களோடு தெரியாத முகங்களும் கலந்திருக்க வேண்டும் என்பது படக்காரரின் விதி. தெரிந்தவற்றை வீட்டிலிருந்து கேட்டு வாங்குவேன். இவள் இருபது கொடுத்திருந்தாள்: கணவர், இரண்டு பையன்கள், அவள் துணி தைக்கிற கடை, தையல் மெஷின், கடை நாற்காலியில் ஆளை மிரட்டுகிற மாதிரி உட்கார்ந்திருக்கும் ஒரு சாம்பல் பூனை. தெரியாத முகங்களை நான்தான் சேர்க்க வேண்டும். இந்த முறை எல்லாம் சேர்த்து நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தேறியது, ஒன்று குறைந்தது. நான் வேலையில் சேர்ந்தபோது அடையாள அட்டைக்கு எடுத்த படம் கணினியில் கிடந்தது. ஒல்லியாக, கண்ணாடி போடாமல், முன்பல் லேசாகத் தெரிய. அதைப் போட்டு நிரப்பினேன்.

அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் காவலாளி படத்தைப் போட்டிருக்கலாம். கேன்டீன்காரர் படத்தைப் போட்டிருக்கலாம். என் படத்தைப் போட்டதற்குக் காரணம் இருந்தது. அவளிடம் கேட்கத் தைரியம் இல்லாத ஒரு கேள்வியை அவளுடைய மூளையிடம் திருட்டுத்தனமாகக் கேட்டுப் பார்த்தேன். என்னை ஞாபகம் இருக்கிறதா? இருக்கிறது என்று அது இப்போது ஊருக்கே கேட்கிற மாதிரி கத்திக்கொண்டிருந்தது.

"இதுல ஒரு வேடிக்கை இருக்கு," என்றார் படக்காரர். நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார். "வயர் வெச்ச நாள்ல இருந்து எல்லாரும் மாஸ்க்கும் தொப்பியும் போட்டுத்தான் உள்ள போறோம். உங்க முகத்தை அந்தம்மா பார்த்ததே இல்ல. அப்புறம் எப்படி? உங்களுக்கு முன்னாடியே பழக்கமா?"

"இல்லை சார். தெரியவே தெரியாது."

நாலு சொல். யோசிக்கவே இல்லை, வழுக்கிக்கொண்டு வந்தது. பொய் சொல்ல எனக்குப் பயிற்சி தேவைப்பட்டதே இல்லை.

"அப்போ வெள்ளிக்கிழமை காலையில சரிபார்த்துடுவோம். உங்க படம் ஏழெட்டு எடுத்துட்டு வாங்க. பக்கவாட்டுல, சிரிக்கிற மாதிரி, சின்ன வயசுப் படம் இருந்தா ரொம்ப நல்லது. உங்க பேரை எழுதியும் காட்டுவோம். எல்லாத்துக்கும் இந்தச் செல் பேசினா உங்களைத்தான் தெரியுதுன்னு அர்த்தம். அப்புறம் அந்தம்மாவையே கேட்டுடலாம், இவங்களை எங்க பார்த்தீங்கன்னு."

பட்டியலை மடித்துப் பைக்குள் திணித்தேன்.

அவளை நான் முதல் நாளே கண்டுகொண்டேன். கோப்பில் அவள் பெயர், அப்பா பெயர், பிறந்த வருடம். முகவாயில், படம் வரையும் வகுப்பில் பெஞ்சு விளிம்பில் விழுந்தபோது ஏற்பட்ட தழும்பு. எங்கள் இருவருக்கும் அப்போது பதின்மூன்று வயது. தழும்பைப் பார்த்ததும் மாஸ்க்கை மூக்குக்கு மேல் இன்னும் கொஞ்சம் இழுத்து விட்டுக்கொண்டேன். அவள் மரியாதையாக, "சிஸ்டர், இந்த வயரெல்லாம் பிடுங்கிக்கிச்சுன்னா மூளையும் கூட வந்துடுமா?" என்று கேட்டுச் சிரித்தாள். நான் சிஸ்டர் இல்லை, டெக்னீஷியன் என்று திருத்தினேன். அதைத் திருத்த மட்டும் எனக்கு வாய் இருந்தது.

முப்பது வருடத்துக்கு மேல் வலிப்போடு குடித்தனம் நடத்தியவள். ஓடுகிற தையல் மெஷின் முன்னால் நினைவு தப்பி, ஊசி விரலைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வந்த கதையை அடுத்த வீட்டுச் செய்தி போலச் சொல்வாள். மாத்திரைகள் எதுவும் அவளிடம் எடுபடவில்லை. கடைசி வழி அறுவை சிகிச்சை. வலிப்பு எந்த இடத்தில் பிறக்கிறது என்று கண்டுபிடித்து அந்தத் துண்டை மட்டும் எடுத்துவிட வேண்டும். அதற்காகத்தான் மண்டைக்குள் பதினான்கு வயர்களை இறக்கி, வலிப்பு வரட்டும் என்று காத்திருந்தோம். அந்த வயர்களின் நுனியில் மயிரைவிட மெல்லிய கம்பிகள் உண்டு. ஒற்றைச் செல்லின் பேச்சு கேட்பது அவற்றில்தான். காத்திருக்கிற நேரத்தில் நோயாளி சம்மதித்தால் படக்காரர் தன் கடையை விரிப்பார்.

வலிப்பு மூன்று வந்தது. மூன்றிலும் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பற்றிக்கொண்டன. எது முந்தி, எது பிந்தி என்று பெரிய டாக்டரால் சொல்ல முடியவில்லை. இரண்டு பக்கமும் வெட்ட முடியாது, வெட்டினால் ஞாபகமே போய்விடும். ஒரு பக்கம்தான், அதுவும் சரியான பக்கம்.

"வருஷக்கணக்குல இருக்கிற வலிப்பு மறுபக்கத்தையும் கெடுத்து வெச்சிடும்," என்று அவர் புதன்கிழமை கட்டிலருகே நின்று சொன்னார். "ஆரம்பத்துல எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சா உதவியா இருக்கும். சின்ன வயசுல முதல்ல கை இழுக்குமா, தலை திரும்புமா? எந்தப் பக்கம்?"

அவள் உதட்டைப் பிதுக்கினாள். "எனக்கு எப்படித் தெரியும் டாக்டர்? நான்தான் அந்த நேரத்துல ஊர்லயே இல்லையே."

கணவர், தான் கல்யாணத்துக்குப் பிறகுதான் பார்த்திருப்பதாகவும், அப்போதெல்லாம் வெறித்துப் பார்த்துவிட்டு விழுவாள், அவ்வளவுதான் என்றும் சொன்னார். அவளுடைய அம்மா இருந்தால் சொல்லியிருப்பார், அவர் போய்ப் பத்து வருடம். பெரிய டாக்டர் பெருமூச்சு விட்டார். வெள்ளிக்கிழமை வயர்களை எடுத்தாக வேண்டும், அதற்கு மேல் வைத்தால் கிருமி தொற்றும். அதற்குள் முடிவு தெரியாவிட்டால் அறுவை சிகிச்சை இல்லாமலே வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான் என்றார்.

நான் இரண்டு முழம் தள்ளி நின்று வயர் இணைப்புகளை எண்ணிக்கொண்டிருந்தேன். எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். அந்த அறையில் இருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வருமே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். இதைச் சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டேன் என்பதைச் சொல்ல இன்னும் வெட்கமாக இருக்கிறது.

எனக்கு ஒரு வித்தை உண்டு. யாரையும் ஒரு முறை பார்த்தால் போதும், அப்படியே செய்து காட்டிவிடுவேன். பெரிய டாக்டர் கெட்ட செய்தி சொல்லும் முன் இருமுகிற இருமல், படக்காரர் நடக்கும்போது முன்னால் ஓடுகிற தலை. டீ நேரத்தில் சின்ன டாக்டர்கள் "அக்கா, ஒரு ரவுண்டு விடுங்க" என்று சூழ்ந்துகொள்வார்கள். ஆனால் நோயாளிகளை மட்டும் செய்ய மாட்டேன். அக்காவுக்கு எவ்வளவு நல்ல மனசு என்று பேசிக்கொள்வார்கள். நானும் மறுத்ததில்லை.

நோயாளியைச் செய்து காட்டியது ஒரே ஒரு முறை. வாழ்க்கையிலேயே எனக்கு அதிகக் கைதட்டு கிடைத்ததும் அன்றுதான்.

வெள்ளிக்கிழமை என் சின்ன வயதுப் படங்களைத் திரையில் காட்டுவார்கள், அவளிடம் விசாரிப்பார்கள், உண்மை அவள் வாயால் எல்லோர் முன்னாலும் வெளியே வந்துவிடும். அதற்கு முன்னால் நானே போய்ச் சொல்லிவிட்டால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும் என்று தோன்றியது. பாருங்கள், அப்போதும் என் கௌரவம்தான்.

வியாழக்கிழமை மத்தியானம் கணவர் சாப்பிடக் கீழே போயிருந்தார். அவள் மடியில் காகிதத்தை வைத்துக்கொண்டு ஏதோ சட்டைக் கை மாதிரி ஒன்றை வரைந்துகொண்டிருந்தாள். தலை முழுக்கக் கட்டு, கட்டிலிருந்து வயர்கள் ஒரு பின்னலாகச் சேர்ந்து பெட்டிக்குப் போயின.

"வாங்க. இன்னைக்கும் படம் காட்டுறாரா உங்க டாக்டர்? அந்தச் செல்லை வெட்டி எடுத்துட்டா, அதுல இருக்கிற ஆளும் எனக்கு மறந்துபோயிடுமா?"

"அப்படியெல்லாம் இல்லைங்க. ஒரு ஆளுக்கு ஒரு செல்தான்னு கணக்கு இல்ல. ஒரு முகத்துக்குன்னு எத்தனையோ செல் இருக்கும். நம்ம கம்பி அதுல ஒண்ணைத் தொட்டிருக்கு, அவ்வளவுதான்."

கதவைச் சாத்தினேன். மாஸ்க்கைக் கழற்றினேன். விதிப்படி தப்பு. ராத்திரியெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்ததை மூச்சு விடாமல் ஒப்பித்தேன்.

"உங்களுக்கு என்னை யாருன்னு தெரியும். தெரிஞ்சும் பெருந்தன்மையா சும்மா இருக்கீங்க. எட்டாவதுல உங்க ஃபிட்ஸை கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் செஞ்சு காட்டினது நான்தான். பம்பரம்னு பேர் வெச்சதும் நான்தான். மன்னிச்சிடுங்க."

அவள் என் முகத்தையே பார்த்தாள். கண் முதலில் வேலை செய்தது, காது பிறகுதான். அதனால் என்ன ஆயிற்று என்றால், நான் சொன்னது அவளுக்கு எட்டுவதற்கு முன் என் முகம் எட்டிவிட்டது. அவள் முகம் மலர்ந்தது. அந்தத் தழும்பு விரிந்து நெளிகிற அளவுக்குச் சிரித்தாள்.

"அய்யோ, நீயா! என் பையைத் தூக்கிட்டு வீடு வரைக்கும் வந்தியே… நீயா? முன்பல்லைப் பார்த்தாலே தெரியுதே! படத்துல வந்தப்போகூட எங்கேயோ பார்த்த பல்லுன்னு தோணுச்சு! இத்தனை நாளா நீயா என் தலையில வயர் மாட்டிட்டு இருந்த?"

அப்புறம் காது வேலை செய்தது. சிரிப்பு உடனே போகவில்லை. எங்கே போவது என்று தெரியாமல் அது கொஞ்ச நேரம் முகத்திலேயே நின்றது.

"என்ன சொன்ன இப்போ?"

அந்தக் கணத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. அவளுக்குத் தெரியாது. முப்பது வருடமாகத் தெரியாது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வேறு வழியில்லாமல் இன்னொரு முறை சொன்னேன், இந்த முறை திக்கித் திக்கி.

அவள் காகிதத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள். மடித்த மடிப்பை நகத்தால் நீவினாள்.

"அன்னைக்கு நான் கதவுக்கு வெளியில நின்னேன்," என்றாள். "உள்ள என்னை மாதிரி யாரோ பண்றாங்கன்னு தெரிஞ்சுது. சிரிப்புச் சத்தம் வந்துட்டே இருந்துச்சு. எட்டிப் பார்க்கத் தைரியம் வரல. ஆனா ஓடிப் போகவும் இல்ல. ஏன் தெரியுமா? உள்ள நீ இருக்கேன்னு நினைச்சேன். நீ நிறுத்தச் சொல்லுவேன்னு கொஞ்ச நேரம் நின்னு பார்த்தேன்."

கழற்றிய மாஸ்க்கின் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே நின்றேன்.

"அந்த ஸ்கூல்ல ஒரே ஒருத்தி நல்லவன்னு என் பையன்களுக்குக்கூடச் சொல்லியிருக்கேன். பேர் சொல்லி." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "போங்க. மாஸ்க் போட்டுக்கிட்டுப் போங்க."

நீயா என்று தொடங்கியவள் போங்க என்று முடித்தாள். எவ்வளவோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள், அடிக்கக் கை ஓங்கியிருக்கிறார்கள். அந்த மரியாதை போல எதுவும் சுட்டதில்லை.

வெள்ளிக்கிழமை காலை படக்காரர் என் ஏழு படங்களையும் போட்டார். ஒன்றுக்குப் பின் ஒன்றாகத் திரையில் நான் வந்தேன்: எட்டு வயதில், கல்யாணத்தில், பக்கவாட்டில், பல்லை இளித்துக்கொண்டு. கட்டிலில் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒலிபெருக்கி மூச்சு விடவில்லை. என் பெயரை எழுதிக் காட்டினார். ஒன்றுமில்லை. என் பழைய அடையாள அட்டைப் படத்தையே மறுபடி காட்டினார். அதற்கும் அமைதி.

"செத்துப்போச்சா?" என்று படக்காரர் குமிழைத் திருகினார். முழு அடுக்கையும் மறுபடி ஓட்டினார். என் படம் வந்து போயிற்று. அடுத்த படம் வந்தது. கடுகு வெடித்தது.

சாம்பல் பூனை.

படக்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார். போன வாரம்தான் புது புரோகிராம் போட்டிருந்தார். அது எண்ணிக்கையைப் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. நான் மனுஷி, ஒன்றிலிருந்து எழுதியிருந்தேன். அதன் நாற்பத்தொன்று என் பட்டியலில் நாற்பத்திரண்டு. எங்கள் தொழிலில் எல்லோரும் ஒரு முறையாவது இந்தக் குழியில் விழுவோம், விழுந்து எழுந்து சிரித்துக்கொள்வோம். பூனையின் வேறு படங்களைக் காட்டினார், பொரிந்தது. பேனாவால் அவசரமாக ஒரு பூனை கிறுக்கிக் காட்டினார், பேசவில்லை. அதன் பெயர் என்ன என்று கேட்டார்.

"மேனேஜர்," என்றாள் அவள். "கடையில நாற்காலியை விட்டு எழுந்திரிக்காது. வேலை செய்யாம எல்லாரையும் முறைச்சுட்டு இருக்கும்."

மேனேஜர் என்று எழுதிக் காட்டினார். எழுத்துக்கே வெடித்துத் தள்ளியது. படக்காரர் குழந்தை மாதிரி கை தட்டினார். "எந்தப் பூனையா இருந்தாலும் ஆகாது, பாருங்க! மேனேஜர்னா மட்டும்தான்!"

ஒரு பூனை. என்னை உள்ளேயும் வெளியேயும் கழற்றிப் போட்டது ஒரு பூனையும் ஒரு பூஜ்யமும். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் அவள் பையன்களின் கதையில் நான் இன்னும் நல்லவளாகவே இருந்திருப்பேன். இந்த எண்ணம்தான் முதலில் வந்தது, ஒளிக்கவில்லை. அவள் தேறுவாளா மாட்டாளா என்பது அதற்குப் பிறகுதான் வந்தது.

கம்பிகளைச் சரிபார்க்க உள்ளே போனபோது அவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "உங்க முகத்துக்கு ஒண்ணுமே வரலையாமே."

"ஆமாங்க."

"அப்புறம் என்ன அவசரம் இருந்துச்சு உங்களுக்கு?"

பதினோரு மணிக்குப் பெரிய டாக்டர் வந்தார். கூட நாலு சின்ன டாக்டர்கள், படக்காரர், கணவர். கட்டிலைச் சுற்றி நின்றார்கள். பெரிய டாக்டர் இருமினார். அந்த இருமல் எனக்கு அத்துப்படி. மத்தியானம் வயரை எடுத்துவிடலாம், எந்தப் பக்கம் என்று உறுதியாகச் சொல்கிற ஆதாரம் இல்லை, மாத்திரைகளை மாற்றிப் பார்க்கலாம் என்று மெதுவாக ஆரம்பித்தார். கணவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார், கண் மட்டும் நிறைந்துகொண்டே வந்தது. அவள் தன் வலது கை ஆள்காட்டி விரலைத் தடவிக்கொண்டிருந்தாள். ஊசி போய் வந்த விரல்.

"சார், நான் பார்த்திருக்கேன்," என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"சின்ன வயசுல இவங்களுக்கு ஃபிட்ஸ் வந்தப்போ நான் பார்த்திருக்கேன். நாங்க ஒரே கிளாஸ்."

"தெரியவே தெரியாதுன்னீங்க?" என்றார் படக்காரர்.

"பொய் சொன்னேன் சார்."

பெரிய டாக்டர் அவரைக் கையமர்த்தினார். "எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம். முதல்ல இடது கை மேல வரும், அப்புறம் தலை இடப்பக்கம் திரும்பும், அது இழுத்துட்டுப் போற மாதிரி உடம்பும் சுத்தும். ஒன்றரைச் சுத்து. அப்புறம்தான் விழுவாங்க."

"முப்பது வருஷம் முன்னாடி பார்த்தது. அவ்ளோ நிச்சயமா எப்படிச் சொல்றீங்க?"

இந்தக் கேள்விக்குத்தான் ஒரு வாரமாக ஓடி ஒளிந்தேன்.

"வீட்டுல கண்ணாடி முன்னாடி நாலு நாள் பழகினேன் சார். கிளாஸ்ல செஞ்சு காட்டுறதுக்கு." குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. "பையைத் தூக்கிட்டு இவங்களை வீட்டுல விடச் சொல்லி டீச்சர் என்னை அனுப்பினாங்க. வழியில வந்துச்சு. ரெண்டு பையையும் தோள்ல மாட்டிக்கிட்டு நின்னு பார்த்தேன். பயத்துல நிக்கல. விரல் எந்த வரிசையில மடங்குதுன்னு பார்த்துட்டு இருந்தேன்."

அவள் அப்போதுதான் என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். பை தூக்கி வந்த அந்த ஒரு நடை மட்டும் அவளிடம் மிச்சம் இருந்தது. அதையும் நான் பிடுங்கிவிட்டேன்.

பெரிய டாக்டருக்கு இதெல்லாம் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. அவர் கண் பளபளத்தது. "இடது கை, இடப்பக்கம் சுத்து. இடது கையை ஆட்டுறது வலப்பக்க மூளை, அப்போ அங்க இருந்துதான் கிளம்பியிருக்கணும். கை எப்படி வந்துச்சு? மணிக்கட்டு மடங்கியா, விறைச்சா? வாயால சொன்னா எனக்குப் பத்தாது. செஞ்சு காட்டுங்க."

"சார்…"

"நீங்கதான் நல்லா செய்வீங்களே. நான் இருமுறதைக்கூட செய்வீங்கன்னு கேள்வி."

ஸ்டூலைத் தள்ளிவைத்து இடம் விட்டார்கள். நாற்பத்தைந்து வயது, எண்பது கிலோ. நடுவில் போய் நின்றேன். உடம்புக்கு மறக்கவே இல்லை, அதுதான் கேவலம். இடது கை தானாக எழுந்தது. சுண்டு விரல் முதலில், பிறகு மோதிர விரல். மணிக்கட்டு உள்பக்கம் மடங்கியது. தலை இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று. கால் பின்னிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தேன்.

சின்ன டாக்டர்களில் ஒருவர் களுக்கென்று சிரித்துவிட்டார். பாவம், அவர்மேல் தப்பில்லை. அக்கா எழுந்து நின்றால் சிரிக்க வேண்டும் என்று அவர்களைப் பழக்கியதே நான்தான். ஒருவர் சிரித்ததும் இன்னொருவருக்கும் தொற்றிக்கொண்டது. படக்காரர்கூட வாயைப் பொத்திக்கொண்டார்.

"சிரிக்காதீங்க," என்றாள் அவள்.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், பின்னல் வயர்கள் விறைக்கிற அளவுக்கு.

"அது நான்."

சிரிப்பு நின்றது. சுற்று முடியாமல் நான் பாதியில் நின்றேன், கை அந்தரத்தில் மடங்கியபடி. முப்பது வருடத்துக்கு முன் கதவுக்கு வெளியே நின்று என்னிடம் எதிர்பார்த்ததை, என்னைச் சுற்றிச் சிரித்தவர்களிடம் அவளே சொல்லிவிட்டாள்.

"பாதியில விட்டுட்டீங்களே. முதல்ல இருந்து ஒரு தடவை, மெதுவா," என்றார் பெரிய டாக்டர் பேனாவைத் திறந்துகொண்டு.

நான் அவளைப் பார்த்தேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எங்கேயாவது ஓடிப்போய்விடலாம்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், விரல் விரலாக.

"செய்," என்றாள். "எனக்கு எப்படி வரும்னு நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல."

கையை இறக்கிவிட்டு, முதலிலிருந்து தொடங்கினேன்.